பச்சைத் துணி ஐந்து

லெஸ்லி வாத்தியார் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலி கிடையாது. இந்தச் செய்தி போய்ச்சேராத காது ஹெப்பாளில் இல்லை. ஸ்டாஃப் ரூமில் சொன்னார், பால் பூத்தில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஃபாதரை நிறுத்திவைத்துச் சொன்னார். மற்ற வண்டிகளில் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு சங்கிலி ஓடும். தன் வண்டியில் ஒரு இரும்புக் குழல், அதற்குள்ளே சுற்றும் ஒரு ஷாஃப்ட், அதன் கடைசியில் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும் ஒரு கியர் பெட்டி, அவ்வளவுதான், அறுந்துபோக ஒன்றுமே இல்லை என்பார். கேட்டவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, மைலேஜ் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பார். உடனே வாத்தியாருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

வெளிநாட்டு வண்டி. அவர் கைக்கு வந்தபோது அதற்கு வயது பதினாறு. எடை இருநூற்றறுபது கிலோ. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற, நாற்பத்தெட்டு வயதில் முட்டிவலித் தைலம் தேய்க்கிற மனிதருக்கு இது எதற்கு என்று ஊரே கேட்டது. அவர் மனைவி மட்டும் கேட்கவில்லை. அவள் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தாள், பின்சீட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் ஏறப் போய்விட்டாள். அது நடந்து ஏழு மாதம். பின்சீட்டில் இன்னும் யாரும் உட்காரவில்லை.

உட்கார வேண்டியவள் அவள் ஒருத்திதான். மரியபுஷ்பம், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எட்டு வருஷத்துக்கு முன்னால் நஞ்சன்கூடு ரோட்டில் லெஸ்லியின் பழைய வண்டிச் சங்கிலி கழன்று பின்சக்கரத்தில் சிக்கி, சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வாத்தியாருக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு. புஷ்பத்துக்கு வலது முழங்கையில் தகடும் ஆறு ஸ்குரூவும். நாலு மாதம் தியேட்டர் பக்கம் போக முடியவில்லை. அவள் அழவில்லை, திட்டவில்லை, அவரைக் குற்றம் சொல்லி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுப் பிரித்த பிறகு அவர் பின்னால் ஏறவில்லை, அவ்வளவுதான். பஸ், ஆட்டோ, ஆஸ்பத்திரி வேன் என்று எட்டு வருஷம் ஓட்டிவிட்டாள்.

திட்டியிருந்தால் லெஸ்லி பிழைத்திருப்பார். ஏனென்றால் அன்றைக்குக் காலையில் புறப்படும்போதே ஏதோ சத்தம் வருகிறதே என்று அவள் கேட்டிருந்தாள். சங்கிலி தொங்கிப்போய்க் கிடப்பது அவருக்கு ஒரு வாரமாகவே தெரியும். தெரிந்துகொண்டே, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஏறு என்று சொன்னார். இதை அவர் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லியாயிற்று, மூன்று தடவை. வீட்டில்தான் வாய் வரவில்லை. மன்னிப்பை வாயால் கேட்கிறவர்கள் உண்டு. இந்த மனுஷன் இருநூற்றறுபது கிலோ இரும்பாகக் கொண்டுவந்து போர்டிகோவில் நிறுத்தினார்.

அப்படியிருக்க, ஒரு புதன்கிழமை சாப்பிடும்போது புஷ்பம் தானாகவே சொன்னாள். அவள் தங்கை ராணி சாமராஜநகரில் புது வீடு கட்டியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்கிறார். பஸ்ஸில் போவதற்குப் பதிலாக வண்டியிலேயே போய்விடலாமா என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். லெஸ்லி மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அவள் போட்ட கண்டிஷன்கள் மூன்று. வண்டியை முதலில் சர்வீஸ் பண்ண வேண்டும். கண்ட இடத்தில் விடக்கூடாது, வீட்டிலேயே, அவள் கண் முன்னால் செய்ய வேண்டும். எண்ணுகிற வேலை அவளுடையது. கடைசிக் கண்டிஷன் லெஸ்லிக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, அந்த நேரத்தில் மொட்டை போடச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பார்.

இரண்டாவது சனிக்கிழமை, ஸ்கூல் லீவு. காலை ஏழு மணிக்கு லெஸ்லி போர்டிகோவில் தார்ப்பாய் விரித்து, ஸ்பேனர்களை உயரவாரியாக அடுக்கி, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார். மூன்றாவது முயற்சியில் ஏறியது. வியாழன், வெள்ளி இரண்டு ராத்திரியும் போனில் வீடியோ பார்த்து, நோட்டில் படி ஒன்று, படி இரண்டு என்று பத்தொன்பது படி எழுதி வைத்திருந்தார். அடியில் சிவப்பு மையில் கோடு வேறு.

புஷ்பம் ஒரு கையில் அவருடைய டியூஷன் போர்டோடும் இன்னொரு கையில் ஒரு பொட்டலத்தோடும் வந்தாள். போர்டில் பாதி தீர்த்திருந்த சமன்பாட்டைத் துடைத்துவிட்டு ஜன்னல் கம்பியில் மாட்டினாள். நட் நான்கு, வாஷர் ஆறு, ஸ்பேனர் ஒன்பது என்று மேலிருந்து கீழாக எழுதினாள். கடைசியில், துணி ஐந்து. பொட்டலத்தில் இருந்தவை ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பச்சைத் துணிகள். எல்லாம் ஒரே அளவு, நாலு பக்கமும் மடித்துத் தைத்தது. இந்த ஐந்தைத் தவிர வேறு துணி எடுக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, பாக்கெட்டில் வைக்கக் கூடாது என்றாள்.

லெஸ்லிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கணக்கு வாத்தியாருக்கு நாலு நட்டை எண்ண போர்டு எதற்கு என்று கேட்டார்.

"கணக்கு வேற, எண்றது வேற," என்றாள் புஷ்பம்.

தியேட்டரில் வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் ஒரு எண்ணிக்கை, மூடுவதற்கு முன்னால் ஒரு எண்ணிக்கை. உள்ளே போன துணியெல்லாம் வெளியே வந்தாயிற்று என்று சிஸ்டர் சொன்னால்தான் டாக்டர் தையல் ஊசியைத் தொட முடியும். இருபத்திரண்டு வருஷமாக அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வருவதற்குப் பெரிய பெரிய டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். வீட்டில் நிற்பதற்கு ஒரு வாத்தியார் என்ன பெரிய ஆளா?

வேலை ஆரம்பித்தது. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் மல்லப்பன் காப்பி டம்ளரோடு பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டார். கொள்ளேகால் பக்கத்து மனிதர், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ரிட்டயரானவர். ரிட்டயரானதிலிருந்து அடுத்தவர் வேலையை மேலிருந்து பார்ப்பதுதான் அவருக்கு வேலை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "ஏனுங்க மேஷ்ட்ரே, ஆய்த்துங்களா?" என்பார். மேஷ்ட்ரு என்றால் கன்னடத்தில் வாத்தியார். இன்னும் ஆகவில்லை என்று லெஸ்லி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சொல்வார்.

முதலில் கியர் பெட்டியின் அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்தார். கரேல் என்று அழுகிய முட்டை நாற்றத்தோடு இறங்கியது. எண்ணெய் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் குனிந்தவர் மூக்கில் கொஞ்சம் பூசிக்கொண்டார். போல்ட்டின் நுனியில் ஒரு காந்தம், அதில் சாம்பல் மாதிரி இரும்புத்தூள். தூளாக இருந்தால் நல்லது, துண்டாக இருந்தால்தான் ஆபத்து என்று அவர் விளக்க, புஷ்பம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தாள். சக்கரம் வந்தது. நாலு நட்டும் வந்தன. கியர் பெட்டி மட்டும் வரமாட்டேன் என்றது. லெஸ்லி காலை உதைத்துக்கொண்டு இழுத்தார், மாதாவைக் கூப்பிட்டு இழுத்தார். படக்கென்று பெட்டியும் அதோடு நீளமான ஷாஃப்டும் கையோடு வர, அதைக் குழந்தையைப் போல மடியில் வாங்கிக்கொண்டு தார்ப்பாயில் உட்கார்ந்துவிட்டார். அப்போதும் மல்லப்பன் ஆய்த்துங்களா என்றார்.

ஷாஃப்டின் நுனிப் பற்களில் பழைய கிரீஸ் காய்ந்து துருப்பொடியாகியிருந்தது. இதைத்தான் சர்வீஸ் பண்ண வேண்டும், இதை விட்டால் பற்கள் தேய்ந்து ஒருநாள் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும் என்றார். அறுந்துபோக ஒன்றுமே இல்லை என்று ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே என்று புஷ்பம் ஞாபகப்படுத்தினாள். லெஸ்லி துடைப்பதில் மும்முரமானார். பிறகு உடைந்த மாப் கம்பு ஒன்றில் துணியைச் சுற்றி, ஷாஃப்ட் இருந்த குழலுக்குள் விட்டு முழங்கை ஆழம் வரை தேய்த்தார். அந்த நேரம் பார்த்து மல்லப்பன் மேலிருந்து மைலேஜ் எவ்வளவுங்க என்று கேட்டுவைத்தார். லெஸ்லி கம்பை உருவி ஓரமாகப் போட்டுவிட்டு, அண்ணாந்து பார்த்து, மைலேஜைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார்.

புதுக் கிரீஸ் பூசி ஷாஃப்டைத் திரும்ப உள்ளே தள்ளும்போதுதான் உயிர் போயிற்று. அந்தப் பக்கத்துப் பல்லும் இந்தப் பக்கத்துப் பல்லும் கூடி உட்கார வேண்டும். நாற்பது நிமிஷம் உட்காரவில்லை. நோட்டில் பதினொன்றாம் படி அது. 'எளிது' என்று எழுதியிருந்தார். தியேட்டரில் நோயாளிக்கு ட்யூப் போடும்போது நாங்கள் லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளுவோம் என்று புஷ்பம் சொன்னாள். லேசாகத் திருப்பித் தள்ளினார், போய் உட்கார்ந்தது. தானும் அதைத்தான் செய்ய இருந்ததாகச் சொன்னார்.

சக்கரம் ஏறியது. அவள் கொடுத்த பெரிய சிரிஞ்சில் நாலு தடவையாக இருநூறு மில்லி புது எண்ணெய் ஏற்றினார். பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார். சத்தமே இல்லாமல் சுற்றியது. மணி ஒன்றரை. லெஸ்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மாடியைப் பார்த்து, ஆய்த்துங்க என்றார்.

"இருங்க," என்றாள் புஷ்பம். "எண்ணணும்."

நட் சரி. வாஷர் சரி. ஸ்பேனர் ஒன்பது. பக்கெட்டில் கிடந்த துணிகளை எடுத்தாள். நாலு இருந்தது.

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள், செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் பார்த்தார்கள், லெஸ்லியின் பாக்கெட்டையும் அவளே சோதனை போட்டாள். திரும்ப எண்ணினாள். நாலுதான்.

காற்றில் பறந்திருக்கும் என்றார் லெஸ்லி. காற்றே இல்லை. தெருநாய் தூக்கிப்போயிருக்கும் என்றார். நாய் எதிர்வீட்டு வாசலில் காலையிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தது. முதலிலேயே நாலுதான் கொடுத்திருப்பாய் என்றார். அதைச் சொல்லி முடிக்கும்போதே தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் போர்டைக் காட்டினாள்.

"சக்கரம் சுத்துது பாரு. உள்ள இருந்தா சுத்துமா?"

"வயித்துக்குள்ள துணியோட ஒரு மாசம் நடந்த ஆளுங்க உண்டு," என்றாள். "ஒண்ணு குறைஞ்சா மூட மாட்டோம். டாக்டர் கத்துவாரு. கத்தட்டும்னு நிப்போம்."

திரும்பக் கழற்ற வேண்டுமென்றால் இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குச் சாமராஜநகரில் ஃபாதர் மந்திரித்த தண்ணீரோடு நிற்பார். பரவாயில்லை, மூன்றரைக்கு ஒரு பஸ் இருக்கிறது, நாம் அதில் போய்க்கொள்ளலாம், வண்டியை நாளைக்குப் பாருங்கள் என்று புஷ்பம் சாதாரணமாகத்தான் சொன்னாள். லெஸ்லி பின்சீட்டைப் பார்த்தார். பஸ்ஸில் ஏறினால் அவ்வளவுதான். எட்டு வருஷம் கழித்துத் தானாக வாய் திறந்து வருகிறேன் என்றாள். இன்னொரு தடவை கேட்பாளா? இவள் கேட்கிற ஜாதி இல்லை.

அப்போது உள்ளே போன் அடித்தது. மங்களூரில் படிக்கும் மகள் நிக்கோல். புஷ்பம் பேசப் போனாள்.

போர்டிகோவில் லெஸ்லியும் நாலு துணியும், புஷ்பம் பொட்டலம் பிரித்த கத்தரிக்கோலும். மேலே மல்லப்பன் சாப்பிடப் போயிருந்தார். அந்த மனிதர் தேவையில்லாத நேரமெல்லாம் நின்றிருந்தாரே, அந்த ஒரு நிமிஷம் நின்று ஆய்த்துங்களா என்று கேட்டிருக்கக் கூடாதா? லெஸ்லி இருப்பதிலேயே அழுக்கான துணியை எடுத்தார். நடுவில் வெட்டினார். இரண்டையும் எண்ணெயில் நன்றாகக் கசக்கி, மற்ற மூன்றோடு சேர்த்துப் பக்கெட்டில் போட்டார். மூன்றும் இரண்டும் ஐந்து. இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகள் பார்த்து எழுதினால் பேப்பரைப் பிடுங்குகிற கை அது.

அவள் வந்ததும், ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது, கிடைத்துவிட்டது என்றார். புஷ்பம் குனிந்து ஒவ்வொரு துணியாக முனையைப் பிடித்துத் தூக்கி, தார்ப்பாயில் வரிசையாக வைத்தாள். லெஸ்லி எதிர்வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அஞ்சு," என்றாள். போர்டில் டிக் போட்டாள். "போய்க் குளிங்க. மூக்குல எண்ணெய் இருக்கு."

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பாத்ரூமில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே லெஸ்லி சந்தோஷப்படப் பார்த்தார். சக்கரம் சுற்றுகிறது, காதால் கேட்டாயிற்று. துணி எங்கேயாவது பறந்திருக்கும். குழலுக்குள் விட்ட கம்பு வெளியே வந்தபோது அதில் துணி இருந்ததா? இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும். நாற்றம் போகவில்லை, மூன்று தடவை சோப்புப் போட்டார்.

மூன்று மணிக்குப் புஷ்பம் வெளியே வந்தாள். சுடிதார், புது ஹெல்மெட், தோளில் குறுக்கே மாட்டிய பை. பைக்குள் ராணிக்கு வாங்கிய சுவர்க்கடிகாரம். ஹெல்மெட் புதிது என்பதை லெஸ்லி அப்போதுதான் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் எப்போதோ வாங்கி வைத்திருக்கிறாள். மல்லப்பன் சாப்பிட்டுவிட்டு வாய் துடைத்தபடி பால்கனிக்கு வந்து, போய்ட்டு வாங்கம்மா என்று கையாட்டினார்.

லெஸ்லி ஏறி உட்கார்ந்து வண்டியை நிமிர்த்திப் பிடித்தார். புஷ்பம் காலை வைத்து ஏறினாள். வண்டி பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது. இந்த அமுங்கலுக்குத்தான் மனுஷன் ஏழு மாதமாக ஊர் முழுக்கப் பேசித் திரிந்தது. சாவியைத் திருப்பினார். பச்சை விளக்கு எரிந்தது. கட்டைவிரல் ஸ்டார்ட்டர் பட்டன் மேல் போய் நின்றது.

அமுக்க முடியவில்லை. எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஏறு. அன்றைக்கும் இதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். கேட்டாள், சொன்னார், நம்பி ஏறினாள். இன்றைக்குக் கேட்கக்கூட இல்லை, போர்டில் டிக் போட்டுவிட்டு ஏறிவிட்டாள். எட்டு வருஷத்தில் தான் திருந்தியதெல்லாம், அன்று வாயால் சொன்ன பொய்யை இன்று கத்தரிக்கோலால் சொன்னதுதான் என்று லெஸ்லிக்குத் தோன்றியது. மல்லப்பன் மேலிருந்து, ஸ்டார்ட் ஆகலீங்களா என்றார்.

"புஷ்பம்," என்றார் லெஸ்லி. "இறங்கு."

ஏன் என்று கேட்காமல் இறங்கினாள். அவரும் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இறங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமல், இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். துணியைச் சொன்னார், சங்கிலியைச் சொன்னார், ஒரு வாரமாகத் தெரியும் என்பதைச் சொன்னார். சொல்லி முடித்தபோது ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது.

"ஒண்ணுமே கேக்கல," என்றாள் புஷ்பம். "அதைக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

ஆக, எட்டு வருஷம் வராத வார்த்தையை ஒரே நாளில் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்தார். இந்தத் தடவை மெதுவாகத்தான் வந்தது.

"துணி நாலுதான். ஒண்ண வெட்டி ரெண்டாக்கிட்டேன். உள்ளதான் இருக்கும்னு நினைக்கிறேன். அன்னிக்கும் சங்கிலி லூசுன்னு எனக்குத் தெரியும் புஷ்பம். தெரிஞ்சுதான் உன்ன ஏறச் சொன்னேன்."

முப்பது வருஷம் லேத் ஓட்டி முடித்து, பிறகு அடுத்தவர் வேலையை விட்டு ஒரு நிமிஷம் கண்ணெடுக்காத மல்லப்பன், அந்தக் கணத்தில் தானாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புஷ்பம் வாசற்படியில் உட்கார்ந்தாள். தெரியும் என்றாள்.

எது என்று கேட்டார்.

"ரெண்டும்."

பிறகு அவள் போனை எடுத்து ராணியைக் கூப்பிட்டு, வர நேரமாகும், ஃபாதரைக் காக்க வைக்காதே, எங்களுக்குச் சாப்பாடு மட்டும் எடுத்துவை என்றாள். பையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினாள். சுடிதார் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள். தகடு வைத்த இடத்தின் தழும்பு நீளமாகத் தெரிந்தது. டிக்கை அழித்தாள். லெஸ்லி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"அழறதா இருந்தா அப்புறம் அழலாம், சும்மா நிக்காதீங்க," என்றாள். "ஸ்டாண்ட்ல ஏத்துங்க. இந்தத் தடவ நானும் பிடிக்கிறேன்."

இரண்டாம் தடவை நோட்டைத் திறக்கவே இல்லை. அவள் ஒவ்வொரு ஸ்பேனராக அவர் கை நீட்டுவதற்கு முன்னாலேயே எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். புது எண்ணெயை வடித்தார்கள், சக்கரத்தை எடுத்தார்கள், ஷாஃப்டை உருவினார்கள். உருவும்போது எதுவும் வரவில்லை. லெஸ்லி டார்ச்சைக் குழலுக்குள் அடித்துப் பார்த்தார். முன்பக்கம், எஞ்சினை ஒட்டி, ஷாஃப்ட் போய்ச் சேரும் மூட்டுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு சுருள். புஷ்பம் தன் ஆஸ்பத்திரிப் பெட்டியிலிருந்து நீளமான இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மெல்ல இழுத்தார். துணியின் ஒரு முனை மூட்டில் ஏற்கெனவே சுற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. கையால் நாலு சுற்றுச் சுற்றியதற்கே அந்தப் பிடி. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் அன்றைக்குப் போலவே பூட்டிக்கொண்டிருக்கும். லெஸ்லி கொஞ்ச நேரம் தார்ப்பாயில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிய பிறகு எண்ணினாள். நட், வாஷர், ஸ்பேனர். துணியை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தாள். வைத்து முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அஞ்சு குடுத்தேன்," என்றாள். "ஆறு வந்திருக்கு. எங்க தியேட்டர்ல இதுவரைக்கும் கூடுதலா வந்ததே இல்லைங்க. இது கணக்கு வாத்தியார் பண்ணின ஆபரேஷன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லெஸ்லியும் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறு எங்கோ போயிற்று. முகத்தைத் துடைக்கக் கிடைத்தது அந்த அரைத் துணிதான். எழுந்தபோது மூக்கில் மறுபடியும் எண்ணெய்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நாலு பக்கமும் மடித்துத் தைத்த துணியில் ஒரு பக்கம் மட்டும் நூல் தொங்கினால் தெரியாதா என்றாள். உங்களுக்கு எண்ணிக்கை போதும், நான் துணியைப் பார்ப்பேன் என்றாள். சங்கிலி விஷயம் அன்றைக்கே தெரியும், ரோட்டில் விழுந்து கிடந்தபோதே அவர் முகத்தில் எழுதியிருந்தது என்றாள். எட்டு வருஷமாக அவர் எப்போது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். சொல்லாமல் ஒரு வண்டியை வாங்கிவந்து நிறுத்தியபோது தலையிலடித்துக்கொள்ளலாம் போல இருந்ததாம்.

மணி ஐந்தரை ஆகிவிட்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் ஏறினாள். லெஸ்லி சாவியைத் திருப்பினார். ஒன்றைக் கேட்காமல் அவரால் புறப்பட முடியவில்லை.

"துணி உள்ள இருக்குன்னு தெரிஞ்சும் அப்ப ஏன் ஏறி உக்காந்தே?"

"நீங்க ஸ்டார்ட் பண்றீங்களான்னு பாக்கத்தான்."

"பண்ணியிருந்தா?"

எந்தக் கேள்விக்கும் பதிலை வாயிலேயே வைத்திருக்கிறவள் புஷ்பம். நிக்கோல் கேட்டாலும் சரி, பெரிய டாக்டர் கேட்டாலும் சரி, கேட்டு முடிக்கும் முன் பதில் வந்துவிடும். இதற்கு முதலில் ஹெல்மெட் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டாள். எதிர்வீட்டு நாய் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு வேறு பக்கம் போய்ப் படுத்தது.

"தெரியலைங்க," என்றாள் கடைசியில். "இறங்கியிருப்பேனா, இல்ல இவர் இவ்வளவுதான்னு அப்படியே உங்க கூட வந்திருப்பேனான்னு எனக்கே தெரியல. அதான் பயந்துபோய் உக்காந்திருந்தேன். அமுக்கிடாதீங்க, அமுக்கிடாதீங்கன்னு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

லெஸ்லி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அன்றைக்குச் சாமராஜநகர் போய்ச் சேர முடியாது என்று அவருக்குத் தெரியும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, போலாமா என்று கேட்டார்.

"போங்க," என்றாள் புஷ்பம், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு.